கேமராவுக்கு முன்னால் வந்த மங்கல்

தென்பொய்கை ஊரில் மனிதர்களுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் மங்கிப்போகத் தொடங்கியது வைகாசி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. அது மேகத்தாலோ சாரலாலோ கண்ணில் விழுந்த பூவாலோ வந்ததல்ல என்பதும், வீடியோக்காரர் செண்பகராமன் மதுரைக்குப் போன் போட்டு, இன்னும் யார் கைக்கும் வந்து சேராத ஒரு கேமராவுக்குத் தன் பெயரைப் பதிந்துவைத்த நேரத்தில் வந்தது என்பதும் அவர் மனைவி மரகதவல்லிக்குத்தான் முதலில் தெரியும்.

போனை வைத்துவிட்டு அவர் ஜன்னலோரம் நின்று சிரித்தபோது, அவர் முகம் மட்டும் மீசை நரை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிற தெளிவில் நின்றது; அவர் முதுகுக்குப் பின்னால், இத்தனை வருஷமாகப் பெயர்ப்பலகைகளோடும் பூக்கடைகளோடும் சுண்டல் வண்டியோடும் இருந்த பேருந்து நிலையம், ஈரத்தில் ஊறிய சாயம் மாதிரிக் கரைந்து, நின்றிருந்த பேருந்து ஒரு சிவப்புக் கறையாகவும், பழக்கூடை ஒரு மஞ்சள் உருண்டையாகவும் மிதந்தது.

"ஏங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"எதுக்கு?"

"நில்லுங்க, சொல்லுதேன்."

அவர் தள்ளி நின்றார். பேருந்து நிலையம் தெளிந்தது. பழையபடி வந்து நிற்கச் சொன்னாள். கரைந்தது. மரகதவல்லிக்கு ஆச்சரியம் எதுவும் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது, ஏனென்றால் இந்தக் கரைசலை அவள் இதற்கு முன்பே பார்த்திருந்தாள்; இரண்டு வாரமாகச் செண்பகராமன் தன் செல்போனில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டிய மாதிரிப் படத்தில், ஒரு வெளிநாட்டுப் பெண் சந்தையில் நடந்துபோக, அவள் கன்னத்து மயிர்வரை தெளிவாகவும் அவளுக்குப் பின்னால் சந்தை மொத்தமும் குழம்பாகவும் இருந்தது இதே மாதிரிதான்.

அவர்களுடைய பழைய கேமராவின் சென்சார் சுண்டுவிரல் நகத்தளவு. அந்தச் சின்னக் கண்ணுக்குப் பெரியவர் சிறியவர் வித்தியாசம் தெரியாது. மணப்பெண்ணின் மூக்குத்தியும் தெரியும், அவளுக்கு நாற்பதடி பின்னால் கடைசிப் பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் கேட்கிறவன் முகமும் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகச் செண்பகராமன் எடுத்துவர, பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில் உட்கார்ந்து மரகதவல்லி வெட்டி ஒட்டினாள். ஊரில் யார் யார் கல்யாணத்துக்கு வந்தார்கள், யார் வந்தும் சாப்பிடாமல் போனார்கள், எந்தச் சம்பந்தி எந்தச் சம்பந்திக்கு வணக்கம் சொல்லவில்லை என்ற வழக்கெல்லாம் அந்த மாடிக்குத்தான் வந்து தீரும். கைப்பிடியில் தூக்கி நடக்கிற, தபால்தலை அளவு சென்சார் உள்ள புதுக் கேமரா ஒன்று ஆவணி முகூர்த்தத்துக்குள் வெளிவரப்போகிறது என்ற செய்தி வந்ததிலிருந்து செண்பகராமன் சோறு தின்னும்போதும் அதன் குணங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்ப பின்னாடி நிக்கிறவங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கரைஞ்சிருவாங்க. அதுதான் அதுல அழகே."

"யார் தெரியணும், யார் கரையணும்னு யாரு சொல்லுவா?"

"லென்ஸ்ல ரிங் இருக்கு மரகதம். திருப்புனா ஆச்சு," என்று சொல்லிவிட்டு அவர் மோர் கேட்டார். அவருக்குப் பின்னால் நின்று மோர் ஊற்றியவள், அவர் யாரைக் கரைக்க நினைக்கிறார் என்று அன்று சாயங்காலம்வரை யோசித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது கேமரா வரவில்லை, அதன் பார்வை மட்டும் முன்னால் கிளம்பி ஊருக்குள் வந்துவிட்டது. ஆனியில் சாரல் பிடித்தபோது தெருக்கள் முழுக்க மங்கல் நிறைந்திருந்தது. ஒருவர் முன்னால் வந்து நின்றால் அவர் தெளிவு, அவருக்குப் பின்னால் நிற்கிறவர் யாரானாலும் கறை. ஊர் இதை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மழைக்கு ஓடு மாற்றுவது மாதிரி, அவரவர் வேலையை அதற்கேற்றபடி மாற்றிக்கொண்டார்கள். பேருந்துக்கு முன்னால் யாராவது நின்றால் பேருந்து எந்த ஊருக்குப் போகிறதென்று தெரியாமல்போனதால் நடத்துனர்கள் ஊர்ப்பெயர் எழுதிய அட்டையை மார்பில் தொங்கவிட்டுக்கொண்டார்கள். கோயிலில் பூசாரி குறுக்கே நின்றால் அம்மன் வெறும் விளக்கொளியாகக் கரைந்துபோனதால், அவர் பக்கவாட்டில் குனிந்து, நண்டு மாதிரி நகர்ந்து, எட்டி நீட்டித் தீபம் காட்டப் பழகினார். ரேஷன் கடை வரிசையில் முதல் ஆளைத் தவிர மற்ற எல்லாரும் ஒரே நீளக் கறையாக இருந்ததால், கடைக்காரர் வரிசையைக் குறுக்கே திருப்பிவிட, அது தோளோடு தோள் ஒட்டிக் கடைவாசலிலிருந்து ரயில்வே கேட்வரைக்கும் நீண்டது. அரசு ஆஸ்பத்திரிக் கண் டாக்டர் முகாம் போட்டு எல்லாரையும் சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், படித்தார்கள், ஒரு தடவை அவரே தெரியாமல் பலகைக்கு முன்னால் வந்து நின்றபோது எழுத்துகள் கரைவதை எதிர்க் கண்ணாடியில் அவரும் பார்த்தார், எல்லாருக்கும் பார்வை நன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே ஊரைவிட்டுக் கிளம்பினார்.

பழகாமல் இருந்தது சந்தேகம் ஒன்றுதான். பின்னால் நிற்கிறவன் என்ன செய்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. சலூனில் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தால் தன் முகம் தெரிந்தது, பின்னால் கத்தியோடு நிற்கிறவர் தெரியவில்லை. எல்லாரும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க, சவரக்காரர் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிவதற்காக வேலை முடியும்வரை பாடத் தொடங்கினார். யாராவது இரண்டடி முன்னால் வந்து நின்றால், இவன் எதற்கு என்னைக் கறையாக்குகிறான் என்று பின்னால் இருப்பவர் பல்லைக் கடித்தார். அண்ணன் தம்பிகள் வாசலில் யார் முன்னால் நிற்பது என்று பேச்சு முறித்துக்கொண்டார்கள். மாமியார்கள் அடுப்படியில் மருமகளுக்கு முதுகு காட்டி நிற்பதை விட்டுவிட்டார்கள். மங்கலுக்குள் இருந்தவர்களோ, யாரும் பார்க்காத அந்த இடத்தில், சோறு பரிமாறுவதற்கு முன்பே சாப்பிட்டுக்கொண்டும், அலுவலகத்தில் தூங்கிக்கொண்டும், காரணம் சொல்லத் தேவையில்லாமல் அழுதுகொண்டும் இருந்தார்கள் என்பது பிற்பாடுதான் தெரியவந்தது.

ஆடி பிறந்த வாரம் மண்டபக்காரர் கோமதிநாயகம் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு வந்தார். பத்துப் பேரும் ஒருவருக்குப் பின்னால் ஒருவர் நிற்கப் பிடிக்காமல் சுவரோடு வரிசையாக நின்றார்கள்.

"செண்பகராமா, அந்த மிஷின் வேண்டாம்னு சொல்லிரு," என்றார் கோமதிநாயகம்.

"அண்ணாச்சி, அது இன்னும் வரவே இல்லையே."

"வராமலே இந்தப் பாடு படுத்துது. வந்தா என்ன செய்யும்?"

"வராத பொருள் எப்படி அண்ணாச்சி செய்யும்? உங்களை யாரு அனுப்புனா? பக்கத்து ஊர் ஸ்டூடியோக்காரனா?"

"யாரும் அனுப்பல. நீதான் எங்ககிட்ட எதையோ மறைக்கே."

"நான் என்னத்த மறைக்கேன்? நீங்கதான் பத்துப் பேரோட வந்திருக்கீங்க."

இரண்டு பக்கமும் மற்றவரை நம்பாமலே டீ குடித்தார்கள். அவர்கள் படியிறங்கிப் போனதும் மரகதவல்லி செண்பகராமனுக்கு எதிரே வந்து, மூக்குக்கு நேராக நின்றாள். அப்படி நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. கல்யாண வீடுகளில் அவள் எப்போதும் அவருக்குப் பின்னால் விளக்கு வயரைப் பிடித்துக்கொண்டோ பையைத் தூக்கிக்கொண்டோதான் நிற்பாள். அவர் கண்ணைச் சுருக்கி அவள் முகத்தைப் பார்த்தார்.

"நெத்தியில இந்தத் தழும்பு எப்ப வந்தது?"

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாலயே இருக்கு."

"அப்படியா," என்றார் அவர். சங்கடப்பட்டது தெரிந்தது. ஆனால் அவளுக்கு இரக்கம் வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு தழும்பைப் பார்க்காதவர் வேறு எதையெல்லாம் பார்க்கவில்லை, பார்க்காததையெல்லாம் கரைத்துவிடத்தான் இந்த மிஷினை வரவழைக்கிறாரோ என்று அவள் மனசு ஓடியது. மங்கலைக் கூட்டி வந்தவர் இவர்தான் என்று அன்றே முடிவுகட்டிவிட்டாள்.

ஆடி பதினெட்டுக்கு மறுநாள் காலையில் சந்தனமாரி படியேறி வந்தாள். கோமதிநாயகத்தின் மண்டபத்தில் பதினெட்டு வருஷமாகப் பந்தி வேலை பார்ப்பவள். இலை போடுவதும் தண்ணீர் ஊற்றுவதும் கூட்டு பரிமாறுவதும், சாப்பிட்டவர்கள் எழுந்ததும் இலையெடுப்பதும் அவள் வேலை. மரகதவல்லி நிமிர்ந்து பார்த்தாள். சேலையின் கட்டம் தெரிந்தது, கையில் மஞ்சள் பை தெரிந்தது, கழுத்துக் கயிறு தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மாவு கரைத்த தண்ணீர் மாதிரி ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. அவளுக்கு முன்னால் யாருமே நிற்கவில்லை.

"நான்தான் யக்கா, சந்தனமாரி. குரல் தெரியுதா?"

"தெரியுது. என்ன இது, முன்னால வந்தும் தெளியலையே?"

"எல்லாரும் முன்னால வந்தா தெளியுதாங்க. நான் பின்னாலயே நின்னு நின்னு அப்படியே உறைஞ்சிட்டேன் போல. பதினஞ்சு நாளாச்சு. மண்டபத்துல யாரும் கவனிக்கக்கூட இல்ல."

அவள் மகள் இந்துமதிக்கு ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். மாப்பிள்ளை சுரண்டைப் பக்கம், லேத் பட்டறை வைத்திருக்கிறவன். வைகாசியில் நிச்சயம் பண்ணியபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. முந்தாநாள் ஜாக்கெட் அளவு வாங்க வந்த மாப்பிள்ளையின் அம்மா பொன்னுத்தாய், காப்பி கொண்டுவந்து வைத்த சந்தனமாரியைப் பார்த்துவிட்டு டம்ளரைத் தொடவில்லை. அன்றைக்கு நிச்சயத்துக்கு நின்ற ஆள் இவள்தானா என்று கேட்டிருக்கிறாள். முகத்தை மறைக்கிற வீட்டில் பெண்ணெடுக்க யோசனையாக இருக்கிறது, அம்மாக்காரி முகத்தைக் காட்டினால்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிவிட்டாள்.

"கண்ணாடியில பாத்தா எனக்கே தெரியல யக்கா. எம்மவகிட்ட கேட்டேன், என் மூக்கு எப்படி இருக்கும்னு சொல்லுன்னு. யோசிச்சுப் பாத்துட்டு அழுதுட்டா. ஊர்ல உள்ள மூஞ்சி பூராவும் உங்க பெட்டிக்குள்ளதானே இருக்கு. என் மூஞ்சியும் எங்கயாவது கிடக்கும். எடுத்துக் குடுங்க. அதைப் பாத்து நான் பிடிச்சிக்கிடுதேன்."

மரகதவல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். கேசட்டிலிருந்து மாற்றியவை, சிடிக்கள், ஹார்ட் டிஸ்குகள் என்று ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஓடவிட, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று பகல் முழுக்கப் பார்த்தார்கள். முகூர்த்தம் முகூர்த்தமாகத் தாலி கட்டினார்கள், மாலை மாற்றினார்கள், பந்தி பந்தியாகச் சாப்பிட்டார்கள். சந்தனமாரி எல்லாக் கல்யாணத்திலும் இருந்தாள். வாளி பிடித்த கை வந்தது, குனிந்த முதுகு வந்தது, கொண்டை வந்தது, ரப்பர் வளையல் வந்தது, பாதிக் காது வந்தது. அவள் திரும்பி நிமிரத் தொடங்குகிற இடத்தில், சொல்லிவைத்தாற்போல, படம் வேறு எங்கோ தாவியது. ரோஜாப்பூ மேலிருந்து கொட்டும், அல்லது இதய வடிவத்துக்குள் மணமக்கள் சுழன்று வருவார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் சந்தனமாரி கையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"யக்கா, நான் திரும்பும்போதெல்லாம் பூ விழுது. ஏன்?"

மரகதவல்லி எழுந்து, பக்கத்து அறையில் விளக்கு துடைத்துக்கொண்டிருந்த செண்பகராமனிடம் போனாள். இத்தனை நாள் சேர்த்துவைத்த சந்தேகம் முழுக்க அவள் குரலில் இருந்தது.

"இத்தனை வருஷத்துல இவ மூஞ்சியை நீங்க ஒரு தடவைகூடப் படம் எடுத்ததில்லையா?"

அவர் துடைப்பதை நிறுத்தினார். "நான் எல்லாரையும்தான் எடுத்தேன். நம்ம கேமராவுக்கு யாரையும் விடத் தெரியாது, உனக்குத் தெரியாதா? பந்தியில அவ இல்லாத இடமே இல்ல." பிறகு, குற்றம் சொல்கிற மாதிரி இல்லாமல், நிஜமாகவே தெரியாமல் கேட்கிற மாதிரிக் கேட்டார். "வெட்டுனது யாரு?"

மரகதவல்லி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். வைகாசியிலிருந்து அவள் சந்தேகப்படாத ஆளில்லை. புருஷனை, மதுரைக் கடைக்காரரை, இன்னும் பிறக்காத ஒரு கண்ணாடிக் கண்ணை. ரோஜாப்பூவைக் கொட்டிய கையை மட்டும் அவள் சந்தேகப்படவே இல்லை.

வெட்டாத மூலப்படம் எங்கேயும் இல்லை. ஒரு கல்யாணம் முடிந்ததும் அதே கேசட்டிலும் அதே கார்டிலும் அடுத்த கல்யாணத்தை எடுத்துவிடுவார்கள். வெட்டி எறிந்த சந்தனமாரி மேல் வேறு யார் யாரோ தாலி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வெட்டுகிறவளுக்கு, வைத்துக்கொண்டது மறந்துபோகும், வெட்டியது மறக்காது. ஒவ்வொன்றையும் எங்கே நிறுத்த வேண்டும் என்று முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டிப் பார்த்தவள் அவள்தான். அவள் திரும்ப வந்து, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஸ்டூலைச் சந்தனமாரிக்கு நேர் எதிராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"வெட்டுனது நான்தான். நான் சொல்லுதேன், நீ கேளு. மளிகைக்கடை வேலாயுதம் வீட்டுக் கல்யாணம். நீ தண்ணி ஜக்கோட வாரே. யாரோ ஒருத்தர் ரசத்தை இலையில வாங்கி வேட்டியில வழியவிட்டுட்டார். நீ கேமராவைப் பாத்துச் சிரிச்சே. கீழ்ப்பல்லுல இடது பக்கம் ஒரு சந்து உண்டு உனக்கு. பொண்ணோட அத்தை பேசிக்கிட்டு இருந்தா, நீ குறுக்க வந்துட்டே. வெட்டிட்டேன்."

மாவுத் தண்ணீருக்குள் ஒரு வாய் வந்தது. உதடு ஒருக்களித்துத் திறந்தபோது கீழ்வரிசையில் இடது பக்கம் சின்னச் சந்து தெரிந்தது.

"ஹெட்மாஸ்டர் மகன் கல்யாணம். கரண்ட் போயிட்டு. தூண் ஓரத்துல யாரோ ஒரு பச்சைப் பிள்ளையைத் தரையில கிடத்திட்டுப் போயிட்டாங்க. நீ வாழையிலையால அதுக்கு விசிறுனே. கரண்ட் வரும்வரை விசிறுனே. கவனமா ஒரு வேலை செய்யும்போது உனக்கு ரெண்டு புருவமும் நடுவுல வந்து சேரும். வலது புருவத்துல பாதிதான் முடி. மூக்கு நுனி லேசா மேல தூக்கி இருக்கும். பிள்ளையைப் போட்டுட்டுப் போனவங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு அதையும் வெட்டிட்டேன்."

புருவம் வந்தது, மூக்கு வந்தது. சந்தனமாரி கையைத் தூக்கி மூக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

மரகதவல்லிக்கு அடுத்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று தோன்றியது. விட்டால் கண் வராது.

"வெள்ளம் வந்த வருஷம். ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். ஒருத்தரு சாப்பிட்டு முடிச்சிட்டாருன்னு நெனச்சு நீ இலையை எடுத்துட்டே. அவரு கை கழுவிட்டுப் பாயசம் குடிக்கத் திரும்பி வந்தாரு. உன் கையில இருந்த எச்சில் இலையைப் பிடுங்கி உன் மூஞ்சியில எறிஞ்சாரு. சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. நீ தொடைக்கல. நேரா கேமராவைப் பாத்தே. அந்தப் பார்வை மூணு செகண்டு இருந்தது. அந்தக் கல்யாணத்துல மொதல்ல வெட்டுனது அதைத்தான். அந்தக் கண்ணு இருந்தா, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு பாக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிரும்."

கண் வந்தது. மூன்று நாளாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் முழு முகமும் ஒரு கை தூரத்தில், சுருக்கத்தோடும் வெயில்பட்ட கறுப்போடும், வேறு யாருக்கும் இல்லாத தெளிவில் மரகதவல்லியைப் பார்த்தது.

"இவ்வளவும் தெரிஞ்சுதான் வெட்டுனீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

"வெட்டுனா யாரும் கேக்க மாட்டாங்கன்னு தெரியும்."

சந்தனமாரி எழுந்து சுவரில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். வெகுநேரம் நின்றாள். மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், படியில் கால் வைத்தபிறகு திரும்பினாள்.

"எம்மவ கல்யாணத்தை நீங்கதான் எடுக்கணும். ஆனா வெட்டும்போது நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்."

"உக்காரு," என்றாள் மரகதவல்லி.

ஆவணி பிறந்து மூன்றாம் நாள், நண்பகலில், கேமரா ஒரு அட்டைப்பெட்டிக்குள் வந்தது. அதற்குள் செய்தி பரவி, ஊரே மாடிக்குக் கீழே ஒரே குறுக்கு வரிசையாக நின்றது; ஒருவரும் மற்றவருக்குப் பின்னால் இல்லை; பேருந்துகள் ஹார்ன் அடித்து ஓய்ந்துபோயின. பெட்டியை இங்கேயே திறக்க வேண்டும் என்றார் கோமதிநாயகம். செண்பகராமன் தெருவுக்கு இறங்கிவந்து, ஒரு நாற்காலி மேல் வைத்துத் திறந்தார். கறுப்பாக, கைப்பிடியோடு, ஒரு பூனை அளவில் இருந்தது. லென்ஸை மாட்டி அவர் மூடியைக் கழற்றியபோது, வரிசையில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

எதுவும் நடக்கவில்லை. நடக்காததால் சந்தேகம் இன்னும் கூடியது. ஆனால் அன்றிலிருந்து மங்கல், சாரல் விடுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. முதலில் பேருந்துப் பலகைகள் தெளிந்தன, அப்புறம் அம்மன் தெளிந்தது, அப்புறம் அண்ணன் முதுகுக்குப் பின்னால் தம்பி தெளிந்தான். மங்கல் கேமராவுக்குள் போய்விட்டது என்று சிலர் சொன்னார்கள். வேறு எங்காவது காத்திருக்கிறது என்று நிறையப் பேர் சொன்னார்கள். சவரக்காரர் பாடுவதை விடவில்லை. அக்கம்பக்கமாகவே நடக்கிற பழக்கமும் போகவில்லை. இன்றைக்கும் தென்பொய்கை ஆட்கள் வெளியூர்ப் பேருந்து நிலையத்தில் வந்திறங்கினால், வரிசையில் நிற்கத் தெரியாதவர்கள் என்று திட்டு வாங்குகிறார்கள்.

கல்யாணத்தன்று பொன்னுத்தாய் மண்டபத்து வாசலிலேயே சந்தனமாரியை நிறுத்தி, கன்னத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். நெற்றியிலிருந்து தாடைவரை ஒரு துணிக்கடைக்காரி சரிகையைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள்.

"இதே ஆளுதான்," என்று தன் மகனிடம் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா எதுக்கு மொறைக்கா?" என்றாள்.

சந்தனமாரி அன்றைக்கு வாளியைத் தொடவில்லை. மேடையில், மகளுக்கு முன்னாலும் இல்லாமல் பின்னாலும் இல்லாமல், தோளோடு தோள் ஒட்டி நின்றாள். செண்பகராமன் புதுக் கேமராவைக் கைக்குழந்தை மாதிரித் தாங்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். தாலி ஏறியது.

மறுவாரம் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சந்தனமாரி மாடிக்கு வந்து, மரகதவல்லிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. மரகதவல்லியின் வலது கையை மட்டும் பார்த்தாள். கை வெட்டுகிற பொத்தான் பக்கம் போகும்போதெல்லாம் "அது என்ன?" என்று கேட்டாள்.

"ஒருத்தர் தும்முதாரு."

"எந்த ஊருக்காரரு? எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருக்காருல்ல. இருக்கட்டும்."

"இதுல தரைதான் தெரியுது."

"யாரோ கால் தெரியுதே. இருக்கட்டும்."

அப்படியே இலை போட்டவர்கள் இருந்தார்கள், மேளக்காரர் வேர்வை துடைத்தது இருந்தது, பாத்திரம் கழுவிய இடமும் அங்கே இருந்த மூன்று பெண்களும் இருந்தார்கள். வியாழக்கிழமை, படம் ஆறே கால் மணி நேரம் நீண்டிருந்தபோது, மாலை மாற்றுகிற இடம் வந்தது. இந்துமதி தலையைக் குனிய, மாப்பிள்ளை மாலையைத் தூக்க, இருவர் முகமும் கன்னத்துச் சந்தனப் பொட்டுவரை தெளிந்து, மேடையின் மறுமுனை அழகாகக் கரைந்திருந்தது. அப்போது மாப்பிள்ளையும் பெண்ணும் திடீரென்று மங்கினார்கள். அவர்களுக்குப் பின்னாலிருந்த கறைகளுக்குள் ஒன்று மெல்ல இறுகி, ஓரம் பிடித்து, ஒரு பெண்ணாக நின்றது. விளக்கு வயரைத் தோளில் சுற்றியபடி, ஒரு காலை மடக்கித் தூணில் ஊன்றிக்கொண்டு, வாயை லேசாகத் திறந்து மாலையையே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை யாரென்று மரகதவல்லிக்கு ஒரு கணம் தெரியவில்லை. இரண்டு செகண்டு. பிறகு அவள் கரைந்துபோக, மணமக்கள் தெளிந்தார்கள்.

அவர்கள் எடுத்த எந்தக் கல்யாணப் படத்திலும் இதுவரை மரகதவல்லி இருந்ததில்லை.

"ஏங்க," என்று கூப்பிட்டாள். செண்பகராமன் வந்து கதவோரம் நின்றார். அவள் திரும்ப ஓட்டிக் காட்டினாள்.

"இது என்ன?"

"ரிங் நழுவிட்டு."

"மாலை மாத்தும்போதா?"

"புது மிஷின்ல. கை பழகல."

மண்டபத்துப் பந்தல் காற்றில் சரிந்த அன்றுகூட நழுவாத கை அது. அவர் திரையைப் பார்க்காமல், ஏற்கெனவே ஒழுங்காகச் சுற்றிவைத்திருந்த ஒரு வயரை அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. அவர் சொன்னதை மரகதவல்லி நம்பவில்லை. நம்பாமலே அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில், வெட்டுகிற பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனாள்.

சந்தனமாரி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எம்மவ கல்யாணம். நான் சொல்லுதேன். இருக்கட்டும்."

மரகதவல்லி கையை எடுத்துவிட்டாள். செண்பகராமன் வயரைச் சுற்றி முடித்து, வெளியே போகவும் செய்யாமல் உள்ளே வரவும் செய்யாமல் நின்றார். அவள் அந்த இரண்டு செகண்டை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள்.